ஈரமான சீவாளி

கருவி அறையைக் கூட்டத் தனியாக ஆள் உண்டு. ஆனாலும் சுகாசினிதான் கூட்டுவாள். விளக்குமாற்றை வேகமாக வீசினால் தூசி கிளம்பி நாயனத்துத் துளைகளில் போய் உட்காரும். அது கூட்ட வருகிற அம்மாவுக்குப் புரியவில்லை. அதனால் சுகாசினியே ஈரத்துணியைத் தரையில் போட்டுக் காலாலேயே தள்ளிக்கொண்டு போவாள். பிறகு அலமாரியைத் திறந்து ஒவ்வொரு நாயனமாக எடுத்துத் துடைப்பாள். வயது நாற்பத்தாறு. பிள்ளையார்பாளையத்துத் தறி வீடுகளுக்கு நடுவே இருக்கிற தனியார் இசைப்பள்ளியில் ஆறு வருஷமாக வேலை. வாசிக்கக் கற்றுத்தர வேறு ஆசிரியர் இருக்கிறார். முதலாண்டுப் பிள்ளைகளுக்கு, அவர்கள் கையில் இருக்கிற கருவி என்ன, அது எதனால் ஆனது, எப்படிக் கெடும் என்று சொல்லித் தருவது இவள்.

ஏனாத்தூர்க்காரி. அப்பாவின் கோஷ்டியோடு பதினாலு வருஷம் கல்யாணங்களுக்கு நாயனம் வாசித்தவள். வாலாஜாபாத் போகும் வழியில் பஸ் திடீரென்று பிரேக் போட்டதில் முன்சீட்டுக் கம்பியில் வாய் மோதியது. இடப்பக்கத் தெத்துப்பல்லும் அதை ஒட்டிய பல்லும் போயின. கட்டின பல்லோடு ஊதினால் காற்று ஓரமாக ஒழுகியது. இரண்டு மாதம் முயன்று பார்த்தாள். பிறகு நாயனத்தை விற்றுவிட்டு கிரைண்டர் வாங்கினாள்.

"ஊதாத நாயனக்காரிக்கு வேலை குடுக்கிறவங்களும் இருக்கிறாங்கபா" என்று, இந்த வேலை கிடைத்தபோது கணவன் ராமராஜன் சிரித்தான். அவளும் சேர்ந்து சிரித்தாள்.

வகுப்பில் சீவாளியைத்தான் முதலில் எடுப்பாள். நாயனத்தின் நுனியில் செருகி வாயில் வைத்து ஊதுகிற, நாணலில் செய்த சின்ன விசிறி அது.

"ஊதுறதுக்கு முன்னாடி நனைக்கணும். ஊதி முடிச்சா ஒதறிக் காய வெக்கணும். ஒருத்தர் சீவாளிய இன்னொருத்தர் வாயில வெக்கவே கூடாது. பத்து நாள் ஊதுனா அது உங்க வாய்க்குப் பழகிடும். உதடு, பல்லு எல்லாம் அதுல பதியும். பாத்தே யாருதுன்னு சொல்லிடலாம்."

பிள்ளைகள் ஐந்து சீவாளிகளைக் கலந்து வைத்துச் சோதித்தார்கள். ஐந்தையும் சரியாகப் பிரித்துக் கொடுத்தாள்.

"மிஸ் சீவாளி ஜோசியம் பாக்குறாங்கடா" என்றான் தனுஷ்.

ஒரு வியாழக்கிழமை காலை, அலமாரி மேல்தட்டில் இருந்த பள்ளிக்கூட நாயனத்தை எடுத்தபோது அதன் சீவாளி ஈரமாக இருந்தது. ஆண்டுவிழாவுக்கு என்று ஒதுக்கி வைத்த நாயனம். சீவாளியோ போன மாதம் புதிதாக வந்தது. அவள் கையாலேயே பொருத்தியது, யார் வாயிலும் படாதது. விரலால் தொட்டாள். ஈரம் வெதுவெதுப்பாக இருந்தது. அறைப் பூட்டை அவள்தான் சற்றுமுன் திறந்திருந்தாள்.

துடைத்து வைத்துவிட்டு வகுப்புக்குப் போனாள். யாரிடமும் சொல்லவில்லை.

அடுத்த வியாழனும் ஈரம். அன்று காலை தோசை தின்னும்போதே உதடு எரிந்தது.

"பொடியில காரம் ஜாஸ்தியா?" என்று ராமராஜனைக் கேட்டாள்.

"எப்பவும் போலதான் இருக்குது. எங்க, இப்படித் திரும்பு. என்னாமா, உதடு வீங்கிக்கினு இருக்குது?"

முகூர்த்தங்கள் அடுத்தடுத்து வரும் மாதங்களில் முன்பு அப்படி வீங்கும்.

மூன்றாவது வாரம் அவள் வந்து சேர்வதற்குள் விஷயம் அலுவலகம் வரை போய்விட்டது. பக்கத்துத் தறிக்காரம்மா வந்து, விடியற்காலையில் தறியில் உட்காரும்போது பள்ளிக்கூடத்துக்குள் நாயனம் கேட்கிறது என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். முதல்வர் பிரியதர்ஷினி மேசைமேல் அந்த நாயனத்தை வைத்திருந்தாள். எதிரே தனுஷும் பாலாஜியும் நின்றார்கள். பாலாஜி உத்திரமேரூர்ப் பக்கத்துப் பையன்; விடுதியில் தங்கிப் படிப்பவன்.

"இந்த பாலாஜி ஆபீஸ் சாவியை எடுத்துத் திறந்திருக்கான் மேடம். தனுஷ் சீவாளியைப் பாத்ததுமே சொல்லிட்டான். இன்னைக்கே டி.சி. குடுத்து அனுப்பப் போறேன்" என்றாள் பிரியதர்ஷினி.

"மிஸ்தானே சொல்லிக் குடுத்தாங்க" என்றான் தனுஷ். "தெத்துப்பல்லு இருந்தா ஒரு ஓரம் பள்ளமா அமுங்கும்னு. எங்க கிளாஸ்லயே அவனுக்குத்தான் இருக்குது."

"என் பல்லு மேலயே உனக்கு எதுக்குடா கண்ணு?" என்றான் பாலாஜி. பிறகு சுகாசினியிடம் திரும்பினான். "நான் தொடவே இல்ல மிஸ். டி.சி. குடுத்தா கம்பெனி வேலைக்குத்தான் போவணும். எங்க அப்பா அதுக்குத்தான் பாத்துக்கினு இருக்கிறாரு."

சுகாசினி சீவாளியைக் கழற்றி ஜன்னலோரம் கொண்டுபோனாள். பள்ளம் தெளிவாகத் தெரிந்தது. சின்னது. கொஞ்சம் சாய்ந்தது. பதினாலு வருஷம் ஒவ்வொரு சீவாளியிலும் அவள் பார்த்த பள்ளம் அது. இன்னும் கொஞ்ச நேரம் அவள் பேசாமல் நின்றால் பையன் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

"இங்க வாபா. வாயத் தொற" என்றாள். "பாருங்க மேடம். இவனுக்குத் தெத்துப்பல்லு வலப்பக்கம். இந்தப் பள்ளம் இடப்பக்கம். இவன் வாய் இல்ல இது."

தனுஷ் வாங்கிப் பார்த்தான். திருப்பிப் பார்த்தான்.

"சாரிடா."

"சாரியா? வெளிய வா, சொல்றேன்."

பையன்கள் இருவரையும் பிரியதர்ஷினி வகுப்புக்கு அனுப்பினாள். கதவு சாத்தியதும் வருகைப் பதிவேட்டை இழுத்து வைத்துக்கொண்டாள்.

"சரி. இடப்பக்கம் யாருக்கு இருக்குது? ரெண்டாம் வருஷத்துப் பசங்களை வரிசையா நிக்க வெச்சுப் பாத்துடலாமா?"

"யாரையும் கூப்பிடாதீங்க" என்றாள் சுகாசினி. "அது என் வாய்."

பிரியதர்ஷினி சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. சுகாசினியின் வாயையே பார்த்தாள். இடப்பக்கம் கட்டின பற்கள் இரண்டும் மற்றவற்றைவிட வெள்ளையாக, நேராக இருந்தன.

"அந்தப் பல்லு போயி ஏழு வருஷம் ஆச்சுன்னு நீங்கதானே சொன்னீங்க? இது போன மாசத்துச் சீவாளி. எப்படி மேடம்?"

சீவாளி நுனியிலிருந்து ஒரு சொட்டு மேசைக் கண்ணாடியில் விழுந்தது. சுகாசினி முந்தானையால் அதைத் துடைத்தாள். சீவாளியை நாயனத்தின் பக்கத்தில் படுக்க வைத்தாள்.

"உங்களைத்தான் கேக்குறேன்."

வீங்கிய உதட்டை விரலால் தொட்டுக்கொண்டே அவள் கதவைத் திறந்து வெளியே போனாள்.