மூன்றாகக் கிழித்த நாவல்

துறைமுகத்தடியில் கூடும் எங்கள் வாசகர் வட்டத்துக்கு எந்தப் புத்தகத்திலும் ஒரு பிரதிதான் கிடைக்கும். அதை மூன்றாகக் கிழித்துத் தைத்து, ஆளுக்கொரு பாகம் கொண்டுபோய், கிழமைக்கொருக்கால் மாற்றிக்கொள்வோம். சிலருக்குக் கதை நடுவிலிருந்து தொடங்கும். பழகிவிட்டது.

இம்முறை வந்தது ஈவிரக்கமில்லாமல் பகிடி பண்ணும் ஒருவருடைய நாவல். குண்டு விழுந்து தரைமட்டமான வீட்டுக்கு நட்டஈடு கேட்டு ஒருவர் அரசாங்கக் கந்தோருக்குப் போகிறார். அந்த வீட்டைப் புதிதாகப் படம் எடுத்து வரச் சொல்கிறார்கள்.

"மிகைப்படுத்தல்" என்றார் ஓய்வுபெற்ற ஆசிரியர். வங்கியில் வேலைசெய்பவருக்குச் சிரித்துச் சிரித்து வயிறு நொந்ததாம். காணிக் கந்தோரில் தேய்ந்து ஓய்வுபெற்ற எனக்கு இரண்டுக்கும் தெம்பில்லை. கூட்டம் எப்போது முடியும் என்று மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சம்பூரிலிருந்து பஸ்ஸில் வரும் அக்காவிடம் நடுப்பாகம் இருந்தது.

"இதில என்ன பகிடி? கந்தோரில என்னட்டையும் இதைத்தானே கேட்டவை" என்றார். பிறகு என்னிடம் திரும்பினார். "கடைசிப் பாகம் உங்களிட்டத்தானே. முடிவில அந்த மனுசனுக்கு ஏதும் குடுக்கினமோ?"

அது என் மடியில்தான் இருந்தது. வாசித்தும் முடித்திருந்தேன். ஆனாலும் வாயில் வந்தது, கந்தோர் யன்னலுக்கு வெளியே நின்றவர்களுக்கு நான் நாள் முழுக்கச் சொன்னதுதான்.

"அடுத்த கிழமை வாங்கோ."

"ஓம்" என்று எழும்பிப் போனார். ஏன் என்றுகூடக் கேட்கவில்லை.