ஆளில்லாத மாதத்தில் எண்ணப்பட்ட ஊர்

நேற்று முன்தினம் திங்கட்கிழமை. கள்ளக்குறிச்சி கலெக்டர் அலுவலகத்தில், குறைதீர் கூட்டத்து வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். வழக்கமாக எனக்கு முன்பே வந்து, வரிசையில் நிற்காமல் அதன் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்துகொண்டே இருப்பார் தணிகாசலம் சார். அன்று அவரைக் காணவில்லை. சின்னசேலம் பஸ் தாமதம் என்று நினைத்துக்கொண்டேன். பத்தேகால் மணிக்கு அவர் மகனிடமிருந்து போன் வந்தது.

"டீச்சர், அப்பா போய்ட்டாருங்க. சட்டையப் போட்டுக்கினு கெளம்புனாரு. வாசப்படியில உக்காந்தாரு. அவ்ளோதாங்க."

அவர் உட்கார்ந்தார் என்பதைத்தான் என்னால் முதலில் நம்ப முடியவில்லை.

நான் வரிசையை விட்டு வெளியேறவில்லை. இதைக் குறையாகச் சொல்பவர்கள் சொல்லட்டும். என் கையில் இருந்த மனு அவர் எழுதியது. ஈட்டிக்காட்டு ஓடைக்குப் பாலம் வேண்டும் என்ற மனு. அதைக் கொடுக்காமல் அவரைப் பார்க்கப் போனால், படுத்த இடத்திலிருந்தே "ஒரு வாரம் போச்சே டீச்சர்" என்பார். என் முறை வந்தபோது அங்கிருந்த எழுத்தர் பெண், "முதல் கையெழுத்துப் போட்டவர் எங்கம்மா?" என்று கேட்டார். "இறந்துவிட்டார்மா. அரை மணி நேரம் ஆகிறது" என்றேன். அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார். பிறகு உட்கார்ந்து, மனுவைப் பதிந்து, ரசீதை இரண்டு கைகளாலும் நீட்டினார்.

தணிகாசலம் சாரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அவர் பெரிய பதவியில் இருந்தவர் அல்லர். கிராமச் சாலைகளைப் பார்க்கும் அலுவலகம் ஒன்றில் ஓவர்சியர். சின்னசேலத்துப் பக்கம் மானாவாரி நிலம் வைத்திருந்த குடும்பம். ஒல்லியான உடம்பு, பழைய மொபெட், தோளில் ஒரு துணிப்பை. டீக்கடையில் பெஞ்சு காலியாக இருந்தாலும் நின்றுகொண்டேதான் டீ குடிப்பார். ஆனால் அந்த அமைதியின்மை பிறவியில் வந்ததல்ல என்று அவர் மனைவி சொல்வார். "மொதல்ல நல்லாத்தான் இருந்தாரு. அந்த ஊர எண்ணிட்டு வந்த பொறவுதான் இப்பிடி ஆனாரு."

அந்த ஊரை எண்ணிய கதையைத்தான் நான் எழுத வேண்டும்.

அப்போது நான் கல்வராயன் மலையில், வெள்ளிமலையைத் தாண்டிய ஒரு சிற்றூரின் பள்ளியில் ஆசிரியையாக இருந்தேன். வெளிநாட்டு வளர்ச்சி வங்கி ஒன்றின் கடனில் மலைக் கிராமங்களுக்குத் தார்ச்சாலை போடும் திட்டம் வந்தது. கடன் கொடுத்தவர்கள் ஒரு விதி வைத்திருந்தார்கள். இத்தனை பேருக்கு மேல் வசிக்கும் ஊருக்கு முதலில் சாலை. அதற்குக் குறைந்தால் அடுத்த சுற்று. விதியில் தவறில்லை. வகுப்பில் ஒரே ஒரு தண்ணீர்ப் பானைதான் இருக்கிறது என்றால், அதிகப் பிள்ளைகள் உட்காரும் பக்கம்தான் நானும் வைப்பேன். ஆனால் பாதி வகுப்பு வெளியே போயிருக்கும் நேரத்தில் தலைகளை எண்ணிவிட்டுப் பானையை வைத்தால் என்ன ஆகும்?

அதுதான் நடந்தது. என் பள்ளிக்கு அப்பால் இருந்த ஈட்டிக்காடு என்ற ஊரைச் சார் எண்ண வந்தது மாசி மாதம். தை பிறந்தால் அந்த ஊரே கரும்பு வெட்ட மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் இறங்கிவிடும். கணவன், மனைவி, பிள்ளைகள், சட்டி பானை எல்லாம் போகும். பதிவேட்டில் அந்த ஊர்ப் பிள்ளைகளின் பெயர்களுக்கு நேரே 'வரவில்லை' என்று எழுதி எழுதி என் கை பழகிவிட்டது. அவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வேலைக்காக மாதக்கணக்கில் வெளியே போகும்போது, வாசலோரத்து அடுப்புக் கற்கள் மூன்றையும் தலைகீழாகக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போவார்கள். சமவெளியில் பிறந்த சாருக்கு இது தெரியாது. கவிழ்ந்த அடுப்பைப் பார்த்து, வீட்டைக் காலி செய்துவிட்டுப் போய்விட்டார்கள் என்று முடிவு செய்தார். வீட்டுக்கு வீடு 'குடி இல்லை' என்று எழுதினார். முதியவர்கள், நோயாளிகள், பிள்ளை பெற்ற ஒரு பெண் என்று அங்கே மிஞ்சியிருந்தவர்கள் பத்தொன்பது பேர்.

அன்று அவர் என் பள்ளியைக் கடந்துதான் போனார். அவர் என்னை எதுவும் கேட்கவில்லை. எதற்கு வந்திருக்கிறீர்கள் என்று நானும் கேட்கவில்லை. இதில் என் பங்கையும் சொல்லிவிட வேண்டும்.

அடுத்த ஆண்டு தார்ச்சாலை என் பள்ளி வாசல்வரை வந்து நின்றது. ஈட்டிக்காட்டுக்கு இன்னும் இரண்டு மைல். தண்ணீர் குடிக்க உள்ளே வந்த சாரிடம், "ஏன் சார் இதோடு நிறுத்திவிட்டீர்கள்?" என்று கேட்டேன்.

"அங்க ஆளே கம்மி டீச்சர். பத்தொம்பது பேருதான்."

"என் பதிவேட்டுல அந்த ஊர்ப் பிள்ளைங்க மட்டுமே இருபத்து மூணு பேர் இருக்காங்க சார். பெத்தவங்க இல்லாம பிள்ளைங்க மட்டும் மழையில முளைச்சாங்களா?"

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு கூர்மையாகப் போய்விட்டது என்று உணர்ந்தேன். அவர் பதிவேட்டை வாங்கி, நின்றபடியே ஒவ்வொரு பெயராக விரல் வைத்துப் படித்தார். தண்ணீரைக் குடிக்கவில்லை. பள்ளி விட்டதும் பிள்ளைகளோடு ஈட்டிக்காட்டுக்கு நடந்தார். நானும் கூடப் போனேன்.

முதல் வீட்டில் சின்னப்பொண்ணு களி கிண்டிக்கொண்டிருந்தார். முப்பது வயதிருக்கும். ஊரில் யாருக்கும் அஞ்சாத வாய்.

"இன்னா சார், மறுபடியும் இன்னாத்த எண்ண வந்தே? போன தபா வூட்ட எண்ணுனியா, வாசல்ல படுத்திருந்த நாய எண்ணுனியா?"

அவர் கணவர் ராமன் உள்ளிருந்து சிரித்தார். "நாயும் நம்மகூடக் கரும்பு வெட்டத்தானே வந்துச்சு. அதுவும் கணக்குல வந்திருக்காது."

சார் மெதுவாகச் சொன்னார். "அடுப்பு கவுந்து கெடந்துச்சேம்மா. ஊர வுட்டே போய்ட்டீங்கன்னு நெனச்சேன்."

"நல்லா நெனச்சே போ! கவுத்து வச்சுட்டுப் போனா திரும்பி வர்றோம்னு அர்த்தம். வராதவன் எதுக்குக் கவுக்கறான்? கல்லத் தூக்கிக்கினு பூடுவான்."

சார் துணிப்பையிலிருந்து தாளை எடுத்தார். இருட்டுவதற்குள் வீடு வீடாகப் போய்ப் பெயர், வயது, எத்தனை மாதம் ஊரில் இருக்கிறார்கள் என்று எழுதி முடித்தார். மறுநாளே மேலதிகாரிக்குக் கடிதம் கொடுத்தார். அதன் முதல் வரி எனக்கு இன்னும் நினைவிருக்கிறது: 'முதல் கணக்கெடுப்பில் நேர்ந்த தவறு என்னுடையது.' அரசு அலுவலகத்தில் அப்படி ஒரு வரியை எழுதுவது எவ்வளவு அபாயமானது என்பது அங்கே வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். அதிகாரி சொன்ன பதிலை அவரே என்னிடம் நடித்துக் காட்டினார். "கடன் ஒப்பந்தம் கையெழுத்தாயிடுச்சுய்யா. பாரின்ல உக்காந்திருக்கறவன் உனக்காகப் பேப்பர மாத்துவானா? போய் வேலயப் பாரு."

அந்த ஐப்பசியில் ராமன் பலாமரத்திலிருந்து விழுந்தார். தொடை எலும்பு வெளியே வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஈட்டிக்காட்டுக்குப் போவதை வழக்கமாக்கிக்கொண்டிருந்த சார் அன்று அங்கேதான் இருந்தார். புடவையில் தொட்டில் கட்டி, கம்பில் கோத்து, ஆள் மாற்றி ஆள் தூக்கினார்கள். முன்கம்பை ஒருமுறை சாரும் சுமந்தார். இடையில் இருந்த ஓடையில் வெள்ளம். அது இறங்கும்வரை கரையிலேயே காத்திருக்க வேண்டியதாயிற்று. என் பள்ளி வாசலில், தார் முடிகிற இடத்தில், முன்னால் ஓடி வந்தவர்கள் சொல்லி வரவழைத்த ஜீப் காலையிலிருந்து நின்றுகொண்டிருந்தது. அவர்கள் வந்து சேர்ந்தபோது மாலை. ராமன் உயிர் பிழைத்தார். கால் போயிற்று.

மருத்துவமனை வராந்தாவில் நடந்துகொண்டே சார் என்னிடம் சொன்னார். "அந்தக் கால எடுத்ததுல எங் கையெழுத்தும் இருக்குது டீச்சர்." ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன். பொய்யாக என்ன சொல்வது?

சில மாதங்கள் கழித்து, போட்ட சாலையைப் பார்க்க அந்த வங்கியிலிருந்து ஒரு குழு வந்தது. பள்ளி வாசலில் பந்தல், மாலை, இளநீர். பார்த்துவிட்டு அப்படியே திரும்ப வேண்டும் என்பது அதிகாரிகளின் ஏற்பாடு. வந்தவர்களில் மூத்தவர் கென்யா நாட்டுக்காரர். சின்னப்பொண்ணு என் காதில், "வெள்ளக்காரன் வருவான்னாங்க. இவரு நம்மாளாட்டம் இருக்காரே!" என்றார். எல்லோரும் கை தட்டிக்கொண்டிருந்தபோது சார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனார். "சார், ரோடு நாட் பினிஷ்ட். மிஸ்டேக் மைன்" என்றார். அவருடைய ஆங்கிலம் அதோடு முடிந்துவிட்டது. அதிகாரி பல்லைக் கடித்தார். மீதியை நான் மொழிபெயர்த்தேன்.

அந்த மனிதர் தார் முடிந்த இடத்தைத் தாண்டிச் சேற்றில் இறங்கினார். பளபளப்பான ஷூவோடு ஓடைவரை நடந்தார். கரையில் நின்று சொன்னார்: அவருடைய தாயின் ஊரில் மாடு மேய்ப்பவர்கள்தாம் அதிகம், கோடையில் மாடுகளோடு தொலைதூரம் போய்விடுவார்கள், ஆழ்துளைக் கிணறு போட எண்ண வந்தவர்கள் அந்தக் கோடையில் வந்தார்கள், கிணறு வேறு ஊருக்குப் போயிற்று, அவருடைய தாய் கடைசிவரை தண்ணீருக்கு நடந்தார். நான் தமிழில் சொல்லச் சொல்ல, சின்னப்பொண்ணு கேட்டார். "அப்ப இவருக்கு எல்லாம் தெரியுது. இப்ப போட்டுக் குடுப்பாரா, கேளுங்க டீச்சரம்மா."

கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். இந்தக் கடனில் ஒரு ஊரைச் சேர்க்கத் தனக்கு அதிகாரமில்லை என்றார். "அடுத்த கடனில் முயல்கிறேன். உறுதி சொல்ல மாட்டேன்." உறுதி சொல்லாத அந்த ஒருவரைத்தான் சார் கடைசிவரை மதித்துப் பேசினார்.

முன் அனுமதியின்றி விருந்தினரிடம் பேசியதற்காகச் சாருக்கு மெமோ வந்தது. ஒரு இன்கிரிமென்டும் போயிற்று. அதைப் பற்றி அவர் பேசியதே இல்லை. அடுத்த சுற்றுக்கான படிவம் வந்தபோதுதான் ஓடி வந்தார். அதில் 'கணக்கெடுத்த மாதம்', 'வேலைக்காக வெளியே சென்றிருப்போர்' என்று இரண்டு புதிய கட்டங்கள் இருந்தன. அவை அந்தக் கென்யாக்காரரால் வந்தனவா, யாரால் வந்தன என்று எங்களுக்குத் தெரியாது. "எந்த நாட்டுல எந்த ஊருக்கோ இது உதவும் டீச்சர்" என்றார். அவர் முகத்தில் அன்று கண்ட மலர்ச்சியைப் பிறகு நான் பார்க்கவில்லை.

சாலை வந்தது. அவர் ஓய்வு பெற்று மூன்று ஆண்டுகள் கழித்து, ஈட்டிக்காட்டை நோக்கித் தார் போட்டார்கள். ஆனால் ஓடையின் இந்தக் கரையில் நின்று, அந்தக் கரையில் தொடர்ந்தது. பாலம் வேறு நிதித் தலைப்பில் வர வேண்டுமாம். சாலைக் கடனில் பாலத்துக்கு இடமில்லையாம். சட்டை தைத்துக் கொடுத்துவிட்டுப் பொத்தானுக்கு வேறு கடை என்று சொன்னால் எப்படி இருக்கும்? கோடையில் ஊருக்குள் வேன் வரும். மழை வந்தால் பழைய கதைதான். கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆன பிறகு, திங்கள்தோறும் சார் மனுவோடு கிளம்பினார். நானும் ஓய்வு பெற்றுச் சங்கராபுரத்தில் குடியேறியிருந்தேன், முடிந்தபோதெல்லாம் சேர்ந்துகொண்டேன். அவர் மனைவி என்னிடம் புலம்புவார். "ரிட்டையர் ஆன மனுசன் மாதிரியா இருக்காரு? நீங்களாச்சும் ஒரு எடத்துல உக்காரச் சொல்லுங்க." நான் சொன்னால், "பாலத்துமேல உக்கார்றேன் டீச்சர், வந்து பாருங்க" என்பார்.

நேற்று பிற்பகல் மூன்று மணிக்கு எடுப்பதாக இருந்தது. காலையிலிருந்தே மலையில் மழை. ஒரு மணிக்குச் சின்னப்பொண்ணு போன் செய்தார். ஓடைக்கரைப் பாறைமேல் ஏறி நின்றால்தான் அங்கே சிக்னல் கிடைக்கும்.

"டீச்சரம்மா, தண்ணி நெஞ்சுக்கு மேல போவுது. கவுறு கட்டிக்கினு இருக்கோம். எடுத்துடப் போறாங்க, கொஞ்சம் சொல்லுங்க."

உறவினர்கள் முணுமுணுத்தார்கள். இருட்டிவிடும் என்றார்கள். அவர் மனைவிதான் எழுந்து வந்து சொன்னார். "இத்தினி வருசமா அவரு அவங்களப் பாக்கப் போனாரு. இன்னிக்கு அவங்க வர்றாங்க. காத்துக்கினு இருக்கட்டும்."

ஐந்தரை மணிக்கு வந்தார்கள். எல்லோர் உடம்பிலும் துணி ஒட்டிக்கொண்டிருந்தது. ராமனை இருவர் தோளில் ஏற்றி ஓடையைக் கடத்தியிருக்கிறார்கள். அவர் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, சாரின் கால்மாட்டில் போய் உட்கார்ந்துகொண்டார். சின்னப்பொண்ணு அழவில்லை. தலைமாட்டில் நின்று, நாற்காலியில் இருக்கும் ஆளிடம் பேசுவதுபோலக் கேட்டார்.

"இன்னா சார், பாலம் இன்னும் வர்லியே. அதுக்குள்ள இன்னா அவசரம் உனக்கு?"

அதற்குப் பிறகுதான் அந்த வீட்டில் எல்லோரும் வாய்விட்டு அழுதார்கள்.

எடுத்து முடிந்ததும் அவர்கள் உடனே கிளம்பினார்கள். காலையில் போகலாம் என்று எவ்வளவோ சொன்னேன். "ஆடெல்லாம் கட்டிப் போட்டுட்டு வந்துக்கிறோம் டீச்சரம்மா" என்றார் சின்னப்பொண்ணு. கள்ளக்குறிச்சி பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். ராமன் ஜன்னல் வழியாகக் கையசைத்தார்.

இன்று புதன்கிழமை காலை. சங்கராபுரத்தில் தூறல்தான். மேற்கே மலை இருக்கும் இடம் தெரியவில்லை, அவ்வளவு கறுப்பு. அவர்கள் ஓடையைக் கடந்துவிட்டார்களா என்று தெரியவில்லை. விடிந்ததிலிருந்து மூன்று முறை போன் போட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்று ஒரு குரல் சொல்கிறது.

சார், இந்த மாதிரிக் கட்டுரையை முடிக்கும்போது அமைதியாக உறங்குங்கள் என்று எழுதுவது மரியாதை. அதை எழுதக் கை வரவில்லை, மன்னியுங்கள். நீங்களும் ஒத்துக்கொள்ள மாட்டீர்கள். போய் வாருங்கள். நான் இன்னொரு முறை போன் போட்டுப் பார்க்கிறேன்.