ஹெட்போனுக்கு வெளியே ஒரு வால்ட்ஸ்

பியானோவில் அடுத்து எந்த பீஸைக் கற்பது என்று முடிவு செய்ய ஓர் அட்டவணை போட்டேன். ஒரகடத்தில் கார் உதிரிபாகங்களின் தரம் பார்ப்பது என் வேலை; அட்டவணை போடாமல் பற்பசைகூட வாங்கமாட்டேன். கஷ்டம், அழகு, நீளம், என் கைக்கு எட்டுமா என்று கட்டங்கள். போட்டியில் மூன்று கிளாசிக்கல் பீஸ்கள்: சுழன்றாடும் நடன இசையான ஒரு வால்ட்ஸ், மெதுவான இரவு இசை ஒன்று, விரல்கள் நிற்காமல் ஓடும் பயிற்சி ஒன்று. கூட்டிப் பார்த்தால் வால்ட்ஸ் ஜெயித்தது. அது ஜெயிக்கிற மாதிரிதான் மதிப்பெண் போட்டிருந்தேன்.

அக்காவுக்குக் கட்டம் போட மறந்துவிட்டேன்.

குன்றத்தூரில் என்னோடு ஒரே அறையில் தங்கியிருப்பவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். காஞ்சிபுரம் பக்கம் ஊர். செல்போன் கம்பெனியில் நைட் ஷிப்ட். கம்பெனி பஸ் வரும்வரை மாலையில் ஒரு தூக்கம் போட்டாக வேண்டும். இல்லாவிட்டால் லைனில் கண் சொருகும், சூப்பர்வைசர் கத்துவார். நான் வேலை முடிந்து வந்து, பியானோ பழகும் கீபோர்டின் முன் உட்காருவதும் அதே நேரம்தான். ஹெட்போன் போட்டுக்கொள்வேன். இசை எனக்கு மட்டும். அக்காவுக்குக் கட்டைகள் அடிபடும் டொக் டொக் மட்டும். பழைய பீஸின் டொக் டொக் அவருக்குப் பழகியிருந்தது. புதிது என்றதும் எழுந்து உட்கார்ந்தார்.

"நல்லா கேட்டுக்கோ. தூக்கம் கெட்டுச்சுனு வை, ஒண்ணு அந்தப் பொட்டி இங்க இருக்கணும், இல்ல நான் இருக்கணும்."

"வாடகை அட்வான்ஸ் உங்க பேர்லதானே இருக்குக்கா?"

"தெரியுதுல்ல? அப்ப பொட்டிதான் போவும்."

ஆகவே தேர்வு வைத்தேன். அக்கா கண்ணை மூடிப் படுத்துக்கொண்டார். வழக்கம்போல ஹெட்போன் போட்டுக்கொண்டு மூன்றின் தொடக்கத்தையும் எனக்கு வந்த அளவில் வாசித்தேன்.

வால்ட்ஸுக்கு, "ஒத்த செருப்பு போட்டுகினு மாடிப்படி ஏறுற மாதிரி கீது" என்றார்.

இரவு இசை நிச்சயம் பிடிக்கும் என்று நினைத்தேன். பாதியில் கண் திறந்தார். "இன்னாடி இது, ஒண்ணு தட்டிட்டு சும்மா குந்திகினு கீற? அடுத்தது எப்ப வுழும்னு நெஞ்சு அடிச்சிக்கிது."

ஓடும் பயிற்சியில் எனக்குத் தெரிந்தது முதல் வரி மட்டும். "தா, இது மழை பேயுற மாதிரி கீது. இதையே கத்துக்கோ."

வீடியோவில் வகுப்பெடுக்கும் என் ஆசிரியை என்னைவிடச் சின்னப் பெண். "அந்த ஓடுற பயிற்சியா? கையைச் சுளுக்கிக்கணும்னா தாராளமா ஆரம்பிங்க மேடம்" என்றாள்.

வால்ட்ஸைக் கைவிட மனமில்லை, கீபோர்டைக் கைவிடவும் முடியாது. கட்டிலுக்கும் கீபோர்டுக்கும் நடுவில் இன்னும் எவ்வளவு தூரம் கிடைக்கும் என்று டேப் வைத்து அளந்தேன். கிடைத்தது கழிவறை வாசல்.

மறுநாள் மாலை அக்கா தூங்கப் போகும்போது, இன்று ஒருநாள் மட்டும் என்று வால்ட்ஸைத் தொட்டேன். இடதுகை மட்டும், முதல் பகுதி மட்டும். தாவ வேண்டிய இடத்தில் விரல் தவறியது. திரும்ப. திரும்பத் தவறியது. விடாமல் அதையே அடித்துக்கொண்டிருந்தேன். எப்போது திட்டு விழும் என்று முதுகு காத்திருந்தது. ஒன்றும் விழவில்லை. ஹெட்போனை ஒரு காதிலிருந்து தள்ளிப் பார்த்தேன். குறட்டை.

தெம்பு வந்து இன்னும் கொஞ்சம் அடித்தேன். விரல் சரியான இடத்தில் விழுந்தது. அடுத்த முறையும் விழுந்தது. மகிழ்ச்சியோடு இரண்டாவது பகுதிக்குப் போனேன்.

குறட்டை நின்றது. போர்வைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"ஏய், இன்னாத்துக்கு மாத்துன? அதையே அடி."

"அது வந்துடுச்சுக்கா."

"அதுக்குள்ளயா? பஸ்ஸுக்கு இன்னும் எவ்ளோ நேரம் கீது. மெதுவா கத்துக்கோடி."