லேப்டாப்புக்குள் இருந்த குரல்

ரயில் நிலையத்தில் இருபத்தாறு வருடம் வண்டிகளின் வரவையும் போக்கையும் அறிவித்தவர் அவர். கூட வேலை பார்த்தவர்களுக்கு மைக் அண்ணன். வண்டி மூன்று மணி நேரம் தாமதம் என்று அவர் சொன்னால்கூட யாருக்கும் கோபம் வராது என்பார்கள். அப்படி ஒரு குரல். ஐம்பத்தெட்டாவது வயதில் அந்தத் தொண்டையிலேயே புற்றுநோய் வந்து உட்கார்ந்தது. குரல்வளையை எடுத்தே ஆக வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அவருடைய அக்கா மகள் கம்ப்யூட்டர் படித்தவள், வெளியூரில் வேலை. "மாமா, ஆபரேஷனுக்கு முன்னாடி இருநூறு வாக்கியம் பேசி ரெக்கார்ட் பண்ணிருங்க. அப்புறம் நீங்க போன்ல டைப் பண்ணினா, உங்க குரல்லயே பேசற மாதிரி நான் செஞ்சு தர்றேன்" என்றாள்.

படுக்கையறை ஜன்னலைச் சாத்தி, ஃபேனையும் நிறுத்திவிட்டு, வீட்டிலிருந்த பழைய லேப்டாப் முன்னால் வேர்த்து விறுவிறுக்க இரண்டு நாள் பேசினார். பக்கத்தில் மனைவி.

"என்னைத் திட்டறதையும் சேத்துப் பேசுங்க. இல்லன்னா வீடு வெறிச்சுன்னு ஆயிரும்."

"உன்னைத் திட்ட இருநூறு போதாதுடி" என்றார். அந்தச் சிரிப்பும் பதிவானது.

அறுவை சிகிச்சை முடிந்தது. கழுத்தில் ஒரு துளையும் சட்டைப்பையில் ஒரு நோட்டும் பேனாவுமாக வீடு திரும்பினார். பதிவுகளை அனுப்பச் சொல்லி அக்கா மகள் மூன்று முறை கேட்டாள். ஒருநாள் லேப்டாப்பைத் திறந்தார். இனி வராத அந்தக் குரலில் முதல் வாக்கியம் காதில் விழுந்தது. சட்டென்று மூடிவிட்டார். நாளை, நாளை என்று நான்கு மாதம் ஓடியது.

கடைசியில் மனதைத் தேற்றிக்கொண்டு ஒரு காலையில் லேப்டாப்பின் பொத்தானை அமுக்கினார். விளக்கு எரிந்தது, உள்ளே விசிறி சுற்றியது. திரை மட்டும் கறுப்பாகவே இருந்தது. அடியில் எங்கோ டிக், டிக் என்று ஒரு சத்தம். அணைத்துவிட்டு மறுபடி போட்டார். அதே கறுப்பு, அதே சத்தம்.

போனில் வீடியோ பார்த்து, சொன்னபடியெல்லாம் செய்தார். பேட்டரியைக் கழற்றி, பொத்தானை முப்பது விநாடி அமுக்கிப் பிடித்தார். பக்கத்து வீட்டு சார்ஜரை வாங்கி மாட்டினார். அடிமூடியைத் திறந்து ராம் என்ற நினைவகப் பட்டையைக் கழற்றி, அதன் பொன்னிறப் பற்களை ரப்பரால் தேய்த்துத் திரும்பச் செருகினார். ஒவ்வொன்றுக்கும் பிறகு ஒருமுறை போட்டுப் பார்த்தார். சும்மாவும் போட்டுப் பார்த்தார். ஒரு தடவை கம்பெனியின் சின்னம் வந்து மின்னி மறைந்தது. அதை நம்பி அடுத்த நாளும் உட்கார்ந்தார். சாப்பாட்டைத் தட்டில் போட்டு மனைவி பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். அது ஆறிப்போனது.

மூன்றாம் நாள் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனார். பழுது பார்க்கும் அம்மாள் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றித் தன் கம்ப்யூட்டரில் மாட்டிக் காதை அருகே கொண்டுபோனாள். இரண்டு டிக் கேட்டதும் ஒயரை உருவிவிட்டாள்.

"சார், இந்தச் சத்தத்தோட எத்தனை தடவ ஆன் பண்ணிப் பாத்தீங்க?"

அறுபது இருக்கும் என்று எழுதிக் காட்டினார்.

அவள் டிஸ்க்கைக் கீழே வைத்தாள். 'ஏன்?' என்று எழுதி நோட்டை அவள் பக்கம் தள்ளினார்.

"உள்ள ஒரு தட்டு சுத்தும் சார். அதுக்கு மேல ஒரு முனை, தொடாம படிக்கும். அந்த முனை பழுதாகித் தட்டுல உரசுது. ஒவ்வொரு தடவ போடும்போதும் இன்னும் கொஞ்சம் சுரண்டியிருக்கும்." டிஸ்க்கை ஒரு உறையில் போட்டாள். "முதல் நாளே வந்திருந்தா ஏதாவது எடுத்திருக்கலாம். இருந்தாலும் டேட்டாவை மீட்டெடுக்கற பெரிய லேப் ஒண்ணுக்கு அனுப்பிப் பாக்கறேன்."

பன்னிரண்டு நாள் கழித்துக் கடைக்குப் பதில் வந்தது. ஒரு வாக்கியம்கூட மிஞ்சவில்லை. ரயில் நிலையத்திலும் பதிவு எதுவும் கிடையாது; எல்லாம் நேரடியாகப் பேசியது, பேசியதோடு காற்றில் போனது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை. உடைத்தது தன் கைதான் என்பதை அவரால் விழுங்க முடியவில்லை.

கடையிலிருந்து திரும்பியபோது வீட்டு வாசலிலேயே மனைவி அவர் முகத்தைப் பார்த்துவிட்டாள்.

"போகட்டும் விடுங்க. பழைய மெஷின். நீங்க என்ன பண்ணுவீங்க?"

தலையை ஆட்டி அதோடு விட்டிருக்கலாம். அவர் உட்கார்ந்து, அறுபது தடவை போட்டுப் பார்த்ததை ஒன்றுவிடாமல் எழுதினார். கடைசியில், 'நான்தான் அழிச்சேன்' என்று எழுதினார்.

அவள் இரண்டு தரம் படித்தாள். ஆஸ்பத்திரியில் அத்தனை நாளும் கண் கலங்காதவள். நோட்டை மூடி மேசையில் வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனாள். குழாயைத் திறக்கும் சத்தம் கேட்டது. பாத்திரச் சத்தம் ஏதும் கேட்கவில்லை. தண்ணீர் மட்டும் கொட்டிக்கொண்டே இருந்தது.

அவளைக் கூப்பிட அவர் விரல் முட்டியால் மேசையைத் தட்டினார். பிறகு பலமாகத் தட்டினார். தண்ணீர்ச் சத்தத்தில் அது அவளுக்குக் கேட்கவில்லை.