மூன்றாவது அடி

கொட்வின் ஐஸ் ஹொக்கியைத் தொழிலாக எடுத்து ஒன்பது வருடமாகியிருந்தது. ஜேர்மனியின் எசன் நகரில் குடியேறிய மன்னார்க் குடும்பத்துப் பிள்ளை, கோல்காப்பாளர். ஆனால் இரண்டாமவர். முதலாமவர் ஆட, இவன் முழுக் கவசத்தோடும் ஓரத்து வாங்குப் பலகையில் இருந்து, உள்ளே வெளியே போகும் வீரர்களுக்குக் கதவு திறந்துவிடுவான். நாலு நகரங்களில், நாலு கழகங்களில் அதுதான் வேலை.

அவனுடைய முப்பத்தோராவது வயதில், அரையிறுதித் தொடரின் கடைசி ஆட்டத்தில், முதல் கோல்காப்பாளர் டில்மனுக்குத் தொடைத் தசை கிழிந்தது. பயிற்சியாளர் திரும்பிப் பார்த்தார். கொட்வின் முகக்கவசத்தை இழுத்துவிட்டுக்கொண்டு இறங்கினான்.

அணி இரண்டுக்கு ஒன்று என்று முன்னிலையில் இருந்தது. பார்வையாளர் வரிசையில் அப்பா ராசனும் அம்மா ஞானமலரும் இருந்தார்கள். மகன் ஆடுவதைப் பார்க்க அம்மாவுக்கு நெஞ்சு பதறும். எப்படியும் வாங்கில்தானே இருப்பான் என்ற துணிவில் அன்று வந்திருந்தார்.

வந்த அடிகளையெல்லாம் மறித்தான். ஆறு நிமிடம் மிஞ்சியிருந்தபோது எதிரணி வீரன் ஒருவன் சறுக்கி வந்து மோத, கொட்வினின் தலை இரும்புக் கம்பத்தில் அடிபட்டது.

மருத்துவர் ஓடிவந்தார். "இரட்டையாகத் தெரிகிறதா?"

ஏற்கெனவே இரண்டு முறை அவனுக்கு மூளை அதிர்ந்திருந்தது. மூன்றாவது வந்தால் அத்தோடு ஆட்டத்தை நிறுத்திவிடு என்று நரம்பியல் நிபுணர் எழுதியே கொடுத்திருந்தார்.

"இல்லை" என்றான்.

அடுத்த அடியில் ரப்பர் வட்டு இரண்டாக வந்தது. எது மெய் என்று தெரியாமல் கையை நீட்டினான். கையுறைக்குள் ஏதோ விழுந்தது. அரங்கம் முழுக்க அவன் பெயரைச் சொல்லிக் கத்தியது; அப்படி அவன் கேட்டதேயில்லை. அந்தக் கத்தலுக்கு நடுவில், இடது கை விரல்கள் விறைத்துப்போனதை உணர்ந்தான். மடக்கிப் பார்த்தான். மடங்கவில்லை.

இன்னும் நாலு நிமிடம். அவன் போனால், காயப்பட்ட டில்மனை விட்டால் கோலில் நிற்க ஆளில்லை.

முகக்கவசத்தைக் கழற்றிக்கொண்டு வாங்கை நோக்கிச் சறுக்கினான். "என்னால் முடியாது. எல்லாம் இரண்டாகத் தெரிகிறது."

தொடையில் கட்டோடு டில்மன் நொண்டி நொண்டி இறங்கினான். இரண்டு கோல் விழுந்தது. தோற்றார்கள்.

ஆஸ்பத்திரியில் ராசனுக்குப் பொறுக்கவில்லை. "ஏன் அப்பன் வெளிய வந்தனி? நாலு நிமிசம்தானே கிடந்தது. உன்ர பேரைச் சொல்லியெல்லோ கத்தினவங்கள்!"

"என்ர கை எங்க இருக்கெண்டே தெரியேல்லை, அப்பா."

"அவனை விடுங்கோ," என்றார் ஞானமலர்.

சற்று நேரத்தில் மருத்துவர் திரையில் படத்தைக் காட்டினார். மண்டையோட்டுக்குள் மெல்லிய இரத்தக் கசிவு. இன்னொரு அடி பட்டிருந்தால் என்று தொடங்கியவர், ஞானமலரைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். ராசன் வெளியே போனார். திரும்பி வந்து, குனிந்து மகனின் சப்பாத்துகளைக் கழற்றத் தொடங்கினார்.

கழகம் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. கோழை என்று இணையத்தில் எழுதினார்கள். எட்டு மாதம் அவனால் வெளிச்சத்தைப் பார்க்க ஏலவில்லை. பிறகு அம்புலன்ஸ் பணிக்கான அவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சியில் சேர்ந்தான்.

அடுத்த வசந்தத்தில் டில்மன் தொலைபேசியில் அழைத்தான். "அந்த இரண்டாவது கோல் என் பிழை. பிடித்திருக்க வேண்டும். உன்னிடம் சொல்லாமல் நிம்மதியில்லை."

"நான் அதைப் பார்க்கவேயில்லை," என்றான் கொட்வின். "யார் அடித்தது? எந்தப் பக்கத்தால் வந்தது?"

டில்மன் சொல்லத் தொடங்கினான். கொட்வின் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான்.