பையும் ஈயும் கூட்டிய நாள்கள்

நேற்று அரூரிலிருந்து வந்த உறவினர் ஒருவர் புதுப்புளிப் பொட்டலம் ஒன்றைத் தந்துவிட்டுச் சென்றார். பிரித்ததும் எழுந்த மணத்தில் பிறருக்கு ரசம் நினைவுக்கு வரும்; எனக்கோ வட்டத்தின் பரிதி நினைவுக்கு வந்தது. நகைக்காதீர்கள். எண்பதுகளில், கணித இளநிலை மாணவனாக நான் ஆய்வேடு எழுதியது மொரப்பூர் ரயில் நிலையத்துச் சரக்குக் கொட்டகை நிழலில், புளிமூட்டைகளுக்கு நடுவில்தான்.

எடுத்துக்கொண்ட பொருள் என் அறிவுக்கு மீறியது. முழுவெண்களைக் கெழுக்களாகக் கொண்ட எந்த இயற்கணிதச் சமன்பாட்டுக்கும் விடையாக அகப்படாத எண்ணை விஞ்சிய எண் என்போம். வட்டத்தின் பரிதியை விட்டத்தால் வகுத்தால் வரும் பை அத்தகையது, இயல்மடக்கையின் அடிமானமாகிய ஈயும் அத்தகையது. இரண்டையும் கூட்டினால் வருவதும் விஞ்சிய எண்தானா? உலகில் எவருக்கும் தெரியாது. எனக்குத் தெரிந்துவிட்டதாக நம்பினேன். இருபது வயதில் இத்தகைய நம்பிக்கைகள் மலிவாகவே கிடைக்கின்றன.

உடன் அமர்ந்து எழுதியவன் என் வகுப்புத் தோழன், கம்பைநல்லூர்ச் சூசை. அவனுக்கு வேறு தலைப்பு. ஒருவன் எழுதியதை மற்றவன் படித்துப் பிழை களைந்த பின்னரே பேராசிரியரிடம் காட்டுவதென்பது எங்களுக்குள் உடன்பாடு. நிலையத்தில் தேநீர் விற்ற காதர் பாய் எங்கள் வாதங்களைக் கேட்டுச் சலித்தவர்.

“ஈயப் புடிச்சுப் பையில போடறதுக்கா தம்பி பி.எஸ்.சி. படிக்கிறீங்க?”

“ஆமாங்க பாய். உங்க டீயில கெடக்கறதத்தான் மொதல்ல புடிக்கணும்ங்க” என்பான் சூசை. நாவன்மை அவனுக்குப் பிறவிக்கொடை.

என் நிறுவலை ஒரு வாரம் வைத்திருந்து திருப்பித் தந்தான். “சரியா இருக்குதுடா. ஒரு புள்ளிகூட மாத்தாத.” மகிழ்ச்சியில் அன்று அவனுக்கு இரண்டு தேநீர் வாங்கித் தந்தேன்.

வாய்மொழித் தேர்வு தருமபுரியில், கல்லூரியில் நடந்தது. வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் மாணவர்களில் ஒருவரை மேற்படிப்புக்குப் பரிந்துரைப்பார் என்பதை அனைவரும் அறிவோம். நான் கரும்பலகையில் நிறுவலை முடித்துச் சுண்ணக்கட்டியை வைத்தேன். பின்வரிசையில் சூசை எழுந்தான்.

“ஐயா, ரெண்டு விஞ்சிய எண்ணக் கூட்டினா விஞ்சிய எண்தான் வரும்னு நடுவுல ஒரு வரியில சத்தமில்லாம எடுத்துக்கிட்டாருங்க இவரு. பை ஒண்ணு, நாலுல பையக் கழிச்சது ஒண்ணு. ரெண்டும் விஞ்சியதுதான். கூட்டினா வெறும் நாலுதானுங்களே வருது?”

தேர்வாளர் புன்னகைத்தார், என்னைப் பார்த்து அல்ல. என் நிறுவல் இடிந்ததைக் காட்டிலும், அவன் என்னை ‘இவரு’ என்றதே சுட்டது.

திரும்பும் பேருந்தில் கேட்டேன்.

“எப்படா பாத்த இத?”

“நீ குடுத்த மறுநாளே.”

“ஏன்டா எங்கிட்டச் சொல்லல?”

சன்னலுக்கு வெளியே பார்த்தபடி, “சொன்னா நீ திருத்திக்குவ” என்றான்.

பரிந்துரை அவனுக்கே கிட்டியது. அதற்குரிய தகுதியும் அவனுக்கு இருந்தது; இவ்வொரு தொடரை எழுத எனக்கு நாற்பது ஆண்டுகள் தேவைப்பட்டிருக்கின்றன. அந்த வினாவுக்கு இன்றளவும் எவரும் விடை கண்டிலர். அதில் எனக்கு வருத்தமில்லை. பிழையான நிறுவல் என்றேனும் வீழ்ந்தே தீரும்.

பின்னர் ஆசிரியப் பணியில் சேர்ந்தேன். நூல்கள் சிலவும் எழுதினேன். ஆனால், முற்றுப்பெறாத ஒன்றை அடித்தல் திருத்தலோடு இன்னொருவர் கையில் கொடுத்து, “படிச்சுப் பாருடா” என்னும் வழக்கம் அன்றோடு என்னைவிட்டுப் போயிற்று. என் எழுத்தை என் மனைவியும் அச்சேறிய பிறகே காண்கிறாள்.