ஓரெஸ்ட் வீட்டு ஈரம்

ஓரெஸ்ட் ஹ்னாட்யுக் மாதா கோயிலுக்குப் போனாலும் பீடத்தைப் பார்க்க மாட்டார், நிலவறைக்குத்தான் வழி கேட்பார் என்று கனடாவின் சஸ்காட்டூனில் ஒரு கேலி உண்டு. பள்ளியை விட்ட கையோடு, வீட்டைச் சூடாக்கும் உலைகளை நிலவறையில் பொருத்தும் தொழிலுக்கு வந்தவர். அவர் பேட்டையில் பாதி வீடுகளின் அடியில் எரிகிற உலைகள் அவர் கை பட்டவைதான்.

குளிர்காலத்தில் உலைக்காற்று வீட்டை வறட்டிவிடும். உதடு வெடிக்கும், மூக்கில் ரத்தம் வரும், கதவுப்பிடியைத் தொட்டால் சுரீர் என்று மின்சாரம் அடிக்கும். அதனால் உலையோடு ஈரமூட்டி வைத்துத் தரச் சொல்வார்கள். வைத்துத் தருவார். கிளம்பும்போது ஒரே பாடம்தான்: "வெளிய குளிர் ஏற ஏற இந்தத் திருகைக் குறைச்சுக்கிட்டே வரணும். இல்லன்னா ஈரம் வீட்டைத் தின்னுடும்." சுவருக்குள்ளே கறுத்து உளுத்த மரங்களை அவர் நிறையப் பார்த்திருந்தார். தன் வீட்டில் மட்டும் அவர் ஈரமூட்டி வைக்கவில்லை. "வீட்டுக்கு எதுக்குத் தண்ணி? தாகமெடுத்தா மனுசன் குடிச்சுக்கட்டும்" என்பார்.

போன இலையுதிர்காலத்தில் அவர் மனைவி வெர்னாவுக்குத் தொண்டையில் கட்டி. கதிர்வீச்சு கொடுத்துக் கட்டியைக் கரைத்தார்கள். கட்டியோடு எச்சிலும் போயிற்று. வெர்னா வாயாடி. கோயில் சமையலறையில் அவள் கொழுக்கட்டை மடித்தால் கையைவிட வாய்தான் வேகமாக ஓடும். இப்போது நாலு வார்த்தை பேசுவதற்குள் நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பாதிப் பேச்சில் கையை உதறிவிட்டு எழுந்து போய்விடுவாள். அந்த அமைதியை ஓரெஸ்டால் தாங்க முடியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தகரக் கத்தரியோடு நிலவறைக்கு இறங்கினார். உலைக்கு மேலே போகும் காற்றுக்குழாயில் சதுரமாக வெட்டி, ஈரமூட்டியைப் பொருத்தினார். தண்ணீர்க் குழாயிலிருந்து மெல்லிய செப்புக்குழல் இழுத்தார். மிச்சத் தண்ணீர் வடிய ஒரு குழாயைத் தரைச்சாக்கடைக்கு விட்டார். அந்த வாரமே வெர்னா தொலைபேசியில் தங்கையோடு சண்டை போடும் அளவுக்குத் தேறினாள். ஓரெஸ்ட் கேட்காதவர் போல அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

ஜனவரியில் குளிர் மைனஸ் நாற்பதுக்குக் கீழே இறங்கியது. ஓரெஸ்ட் தன் பாடத்தை மீறாமல் திருகைக் குறைத்தார். மறுநாள் காலை வெர்னாவை மருத்துவரிடம் கூட்டிப் போகவேண்டியிருந்தது. கிளம்பி வாசல் கதவை இழுத்தார். வரவில்லை. வீட்டு ஈரம் பனியாகிச் சட்டத்தைச் சுற்றிச் சிமெண்டு பூசியதுபோல் இறுகியிருந்தது. பின்கதவும் அப்படியே.

"யாரு திருகை ஏத்துனது?"

"பூனை."

"நம்ம வீட்ல பூனை ஏது?"

"அப்ப யாருன்னு நீயே கண்டுபிடி."

ஹேர் டிரையரால் ஓரெஸ்ட் உள்ளிருந்து உருக்கினார். பக்கத்து வீட்டு லைல் வெளியிலிருந்து கதவை உதைத்தான்.

"யோவ் உலைக்காரா, உள்ள ஐஸ் கடை போட்டிருக்கியா?"

"என்னைப் பூட்டி வச்சிருக்கான் லைல்," என்றாள் வெர்னா. "இத்தனை வருசம் கழிச்சு ஓடிப்போயிடுவேன்னு பயம்."

கதவு திறந்தபோது நேரம் கடந்துவிட்டது. மருத்துவர் அடுத்த மாதம்தான் பார்ப்பாராம்.

ஓரெஸ்ட் ஏணி போட்டு மச்சுக்குள் தலையை நீட்டினார். கூரை மரமெல்லாம் வெள்ளை. ஒவ்வொரு ஆணியிலும் உறைபனி குஞ்சம்போலத் தொங்கியது. வீட்டின் ஈரமெல்லாம் இடுக்கு இடுக்காக ஏறி அங்கே உறைந்திருந்தது. குளிர் தணிந்தால் அத்தனையும் உருகித் தலையில் கொட்டும்.

இறங்கி வந்து சொன்னார். "இப்பவே குறைக்கணும், வெர்னா. வீடு போயிடும்."

"குறைச்சா?"

அவர் ஏணியை மடக்கினார்.

"வீடு நனைஞ்சா ஒரு கோடையில காஞ்சிடும்யா. என் தொண்டை காஞ்சா எந்த மழை வந்து நனைக்கும்? போன மாசம் அந்த டாக்டர் கேள்வி கேட்கக் கேட்க நான் ஊமையா தலையாட்டிட்டு வந்தேன். நீ பக்கத்துலதான உக்காந்திருந்த?"

ஓரெஸ்ட் நிலவறைக்கு இறங்கினார். திருகின்மேல் கை வைத்தபடி நின்றார். மேலே வெர்னா லைலுக்குக் காப்பி ஊற்றிக்கொண்டு கதவு உறைந்த கதையை முதலிலிருந்து சொல்லத் தொடங்கியிருந்தாள். நடுவில் தடங்கல் இல்லை. அவர் கையை எடுத்துக்கொண்டார்.

மச்சின் இடுக்குகளை அடைக்க நுரைக் குப்பி தேடிக்கொண்டிருக்கும்போது அவள் குரல் கேட்டது. "ஏய் கிழவா, ரேடியோல சொல்றான். வியாழக்கிழமை குளிர் விட்டுடுமாம். ஊருக்கே நல்ல காலம்."

ஓரெஸ்ட் அண்ணாந்து மச்சுப் பக்கம் பார்த்தார். குப்பியை வைத்துவிட்டு வாளிகளைத் தேடப் போனார்.